கேமராவுக்கு வாய்ப்பு உண்டு, ஆர்டர் செயலிக்கு இல்லை

கேள்வி: வணக்கம் மேடம். நான் திருப்பூர். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்தேன். இப்போது சித்தப்பாவின் நிட்டிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மென்பொருள் உருவாக்கியிருக்கிறேன். முதலாவது ஒரு செயலி. எந்த யூனிட்டில் எந்த மெஷின் சும்மா நிற்கிறது என்று பார்த்து, ஏற்றுமதிக்காரர்களின் ஜாப் ஒர்க் ஆர்டரை ஏஐ மூலம் பிரித்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் பணப் பட்டுவாடாவையும் அதுவே கவனிக்கும். இரண்டாவது, சர்க்குலர் நிட்டிங் மெஷினில் பொருத்தும் கேமரா. ஊசி உடைந்து துணியில் கோடு விழ ஆரம்பித்தால் கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடும். படத்தை அலசும் நிரலில் பாதியை என் கல்லூரி நண்பன் எழுதினான். அதற்குப் பணம் கொடுத்துவிட்டேன். ஆறு மாதமாக எங்கள் யூனிட்டில் மட்டும் ஓடுகிறது. அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போடுகிறோம். “இந்தியாவில் சாப்ட்வேருக்குப் பேட்டன்ட்டே கிடையாது, நேராக அமெரிக்காவில் போடு” என்கிறார் ஒருவர். இன்னொரு கன்சல்டன்ட், இரண்டையும் சேர்த்து ஒரே பேட்டன்ட்டாக, கேரண்டியாக வாங்கித் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது? செயலியில் ஏஐ பயன்படுத்தியிருப்பது காப்பாற்றுமா? இரண்டையும் பற்றிய குறிப்பையும் நானே எழுதிப் பார்த்த விண்ணப்ப நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள திருப்பூர் வாசகருக்கு,

இருவரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். அவர்கள் சொன்னதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் கண்காட்சி. விண்ணப்பம் தாக்கலாகி எண் கைக்கு வராமல் அந்தக் கேமராவை ஸ்டாலில் வைக்காதீர்கள். விண்ணப்ப நாளுக்கு முன்பே ஊரறியக் காட்டிய ஒன்று இந்தியச் சட்டத்தின் கண்ணில் புதுமை இழந்துவிடும். கண்காட்சிக்கு 12 மாதச் சலுகை உண்டு என்று யாராவது சொல்லலாம். அந்தச் சலுகை, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான். ஊரில் நடக்கிற எல்லா மெஷினரி கண்காட்சிக்கும் அது பொருந்தாது. உங்கள் யூனிட்டுக்குள்ளேயே ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தது பெரும்பாலும் பாதகமில்லை, வெளியாட்களுக்கு உள்ளே நடப்பதை விளக்கிச் சொல்லியிருக்காவிட்டால். வாட்ஸ்அப்பில் வீடியோ ஏதும் சுற்றில் விட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். விட்டிருந்தால் தேதியோடு உங்கள் பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். ஏஜென்ட்டிடம் மறைத்து, பிறகு எதிராளி அதை எடுத்துப் போட்டால் தாங்காது.

இனி அமெரிக்காவில் போடச் சொன்னவரின் “கிடையாது”. இந்தியக் காப்புரிமை (பேட்டன்ட்) சட்டம், 1970, பிரிவு 3 எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் (கே) என்ற உட்பிரிவில் நான்கு இருக்கின்றன: கணித முறை, வணிக முறை, கணினி நிரல், அல்காரிதம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த இந்த உட்பிரிவு 2003 மே 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணினி நிரலுக்கு மட்டும் “தன்னளவில்” என்று ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள். நிரலோடு சேர்ந்து வேறு ஏதாவது உருவாகியிருந்தால் அதை அடியோடு மறுக்கக் கூடாது என்பதற்காக நாடாளுமன்றக் கூட்டுக் குழு சேர்த்த வரம்பு அது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் இந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறக்கப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்காமல் பழையபடியே விட்டுவிட்டது. ஆக, நம்மூரில் மென்பொருள் சார்ந்த காப்புரிமை உண்டு. நிரலை மட்டும் காட்டி வாங்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த வரம்பை எப்படிப் படிப்பது என்பதில்தான் இருபது வருடச் சண்டை. காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டி நெறிகளே 2015, 2016, 2017 என்று ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டு வந்தன. 2016-இல் வந்தது, புதிய வன்பொருள் இருந்தால்தான் பேசு என்றது. 2017-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் சில அதிகாரிகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ரேதியான் நிறுவனத்தின் வழக்கில் 2023 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், இல்லாத நிபந்தனையைச் சொல்லி நிராகரித்தது தவறு என்று உத்தரவை ரத்து செய்தது. உங்கள் கேமராவும் கட்டுப்பாட்டு பலகையும் கடையில் வாங்கியவை என்பதால் வாய்ப்பு போயிற்று என்று யாராவது பயமுறுத்தினால் இந்த வழக்கைச் சொல்லுங்கள். ஆகக் கடைசி நெறிகள் 2025 ஜூலை 29 அன்று வந்திருக்கின்றன. நெறிகள் அதிகாரிக்கான கையேடு மட்டுமே, சட்டம் ஆகா. சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதிமன்றம்.

நீதிமன்றங்களில் திருப்பம் என்று சொல்லத்தக்கது ஃபெரித் அல்லானி வழக்கு. இணையத்தில் தகவலை எடுக்கும் ஒரு முறைக்கான விண்ணப்பம் 2002-இல் இந்தியாவுக்குள் வந்தது. நிராகரிப்பு, மேல்முறையீடு என்று அலைந்தது. 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், இன்று காரில், வாஷிங் மெஷினில், ஃப்ரிட்ஜில்கூட நிரல் இருக்கிறது, நிரல் இருக்கிற ஒரே காரணத்தால் கண்டுபிடிப்பு இல்லை என்று சொல்வது பின்னோக்கிப் போவதாகும் என்கிற போக்கில் தீர்ப்புச் சொன்னது. தொழில்நுட்ப விளைவு, தொழில்நுட்பப் பங்களிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. 2020 ஜூலையில் மேல்முறையீட்டு வாரியம் காப்புரிமை தரச் சொல்லி உத்தரவிட்டது. 2002-இல் வந்தது 2020-இல் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். காப்புரிமையின் மொத்த ஆயுளே விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுதான்.

அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று. “மென்பொருளுக்குக் காப்புரிமை உண்டா” என்று கேட்டுக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. எந்திரத்தில் அல்லது கணினியில் என்ன சிக்கல் இருந்தது, அதை எந்த வழியில் தீர்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த வழி உங்கள் விண்ணப்பத்தில் எழுத்தில் இருக்கிறதா என்பது அடுத்தது. உங்கள் இரண்டு பொருள்களையும் இதில் வைத்துப் பார்ப்போம்.

செயலி. நல்ல செயலியாகவே இருக்கலாம். திருப்பூரில் மெஷின் சும்மா நிற்கும் நாளும் ஆர்டர் கிடைத்தும் ஆள் கிடைக்காத நாளும் எனக்கும் தெரியும். உங்கள் குறிப்பைப் படித்தால், அது தீர்ப்பது வியாபாரச் சிக்கலை. யாருக்கு எந்த ஆர்டர், எந்த விலைக்கு, எப்போது பணம். இடைத்தரகர் ஒருவர் நோட்டுப் புத்தகத்திலும் போனிலும் செய்துகொண்டிருந்ததைக் கணினி வேகமாகச் செய்கிறது. வணிக முறைக்கு நான் மேலே சொன்ன “தன்னளவில்” வரம்பு கிடையாது, தடை முழுத் தடை. 2023 மே மாதம் ஓபன்டிவி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இணையம் வழியாக ஊடக உள்ளடக்கத்தை ஒருவருக்குப் பரிசாக அனுப்பும் ஏற்பாடு அது. எத்தனை சர்வர், எத்தனை தரவுத்தளம் என்று க்ளெய்மில் (உரிமை கோரும் வாக்கியத்தில்) சேர்த்திருந்தாலும் உள்ளே இருப்பது பரிசு கொடுக்கும் வியாபாரம்தான் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தத் தடை இன்றைய காலத்துக்குப் பொருந்துமா என்று மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். சட்டம் மாறும்வரை உங்கள் செயலிக்கு அது உதவாது.

வியாபாரத்தில் பயன்படுவதெல்லாம் வணிக முறை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் நமது சென்னை உயர் நீதிமன்றம், இணையக் கொள்முதலில் வாங்குபவரின் தனி விவரங்களைக் காக்கும் ஒரு ஏற்பாட்டை வணிக முறை என்று தள்ளிய உத்தரவை ரத்து செய்தது. அங்கே தரவுப் பாதுகாப்பு என்ற தொழில்நுட்ப நோக்கம் இருந்தது. உங்கள் செயலியில் அப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா? உதாரணமாக, மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை ஆள் டைப் செய்யாமல் நேராக மெஷினிலிருந்தே, கரண்ட் இழுக்கும் அளவை வைத்தோ வேறு எப்படியோ, நம்பகமாக எடுக்க ஏதும் வழி கண்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பேசலாம். உங்கள் குறிப்பில் அது இல்லை. யூனிட்காரர் செயலியில் பட்டனை அழுத்துகிறார் என்றுதான் இருக்கிறது.

ஏஐ பயன்படுத்தியிருப்பது காப்பாற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவிலேயே காப்பாற்றவில்லை. ரிசென்டிவ் நிறுவனம் நேரடி நிகழ்ச்சிகளுக்கான கால அட்டவணையை எந்திரக் கற்றல் மூலம் தயாரிக்கும் காப்புரிமைகள் வைத்திருந்தது. ஃபாக்ஸ் மீது வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் அங்குள்ள ஃபெடரல் சர்க்கியூட் நீதிமன்றம், எல்லாரும் அறிந்த எந்திரக் கற்றலைப் புதியதொரு துறையின் தரவில் பயன்படுத்துவது மட்டும் போதாது, கற்றல் முறையையே மேம்படுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லி அவற்றைச் செல்லாதவை ஆக்கியது. நிகழ்ச்சி அட்டவணை என்ற இடத்தில் நிட்டிங் ஆர்டர் என்று போட்டுப் படியுங்கள், உங்கள் செயலியின் கதை வந்துவிடும்.

இனி கேமரா. இதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை.

நிட்டிங் அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 30 அங்குலம், 24 கேஜ் சிலிண்டரில் இரண்டாயிரத்துக்கு மேல் ஊசி இருக்கும். அதில் ஒன்றின் கொக்கி உடைந்தாலும் துணியின் நீளவாக்கில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் கவனிக்காவிட்டால் ரோல் முழுக்க செகண்ட்ஸ். கேமரா வைத்து இதைப் பிடிப்பது புதிதல்ல, சந்தையில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் “கேமரா மூலம் துணிப் பழுது கண்டுபிடித்தல்” என்று பொதுவாகக் கேட்டால் 3(கே) வரைக்கும் போகவே வேண்டாம், புதுமை இல்லை என்ற இடத்திலேயே விழுந்துவிடும்.

உங்கள் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சரக்கு. சிலிண்டர் ஒரு சுற்று வரும்போது ஒவ்வொரு ஊசியின் வரிசையும் கேமராவுக்கு எதிரே ஒரு முறை வந்து போகிறது. சிலிண்டர் சுழல்வதைத் துடிப்புகளாகச் சொல்லும் என்கோடர் கருவியின் துடிப்பை எண்ணி, இப்போது எதிரே இருப்பது எத்தனையாவது ஊசி என்று தெரிந்துகொள்கிறீர்கள். முழுப் படத்தையும் அலசாமல், ஊசிக்கு ஒரு மெல்லிய பட்டை மட்டும் வெட்டி, அந்த எண்ணோடு சேமித்து, மெஷின் நன்றாக ஓடியபோது அதே ஊசி எண்ணில் எடுத்த பட்டையோடு ஒப்பிடுகிறீர்கள். பறக்கிற பஞ்சு ஒரு முறை தெரிந்து மறைந்துவிடும். லென்ஸில் ஒட்டிய பஞ்சு எல்லா ஊசியிலும் தெரியும். உடைந்த ஊசி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அதே எண்ணில் திரும்பத் திரும்ப வரும். இதனால் பொய் நிறுத்தம் குறைகிறது. பெரிய கணினி தேவைப்படாமல் சின்ன பலகையிலேயே வேலை முடிகிறது. நினைவகமும் கொஞ்சம்தான் செலவாகிறது. தொழில்நுட்பச் சிக்கல், தொழில்நுட்பத் தீர்வு, அளந்து காட்டக்கூடிய விளைவு என மூன்றும் இதில் இருக்கின்றன.

இந்த இடத்தில் இரண்டு பழைய அமெரிக்க வழக்குகளைச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் மெஷினுக்கு இவ்வளவு நெருங்கிய உதாரணம் வேறு கிடைக்காது. 1978-இல் பார்க்கர் எதிர் ஃபுளூக். ரசாயன ஆலையில் வெப்பம், அழுத்தம் போன்றவை எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று அந்த அளவை அவ்வப்போது கணக்கிட்டுத் திருத்தும் முறை. உச்ச நீதிமன்றம் மறுத்தது. கணக்கின் முடிவில் ஒரு புதிய எண் வருகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து ஆலையில் என்ன நடக்கிறது என்று க்ளெய்மில் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் கழித்து, 1981-இல், டயமண்ட் எதிர் டீர். ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்கும்போது எத்தனை நேரம் என்பதுதான் சிக்கல். அச்சின் உள்ளே இருக்கும் வெப்பநிலையை விடாமல் அளந்து, ஏற்கெனவே எல்லாரும் அறிந்த அர்ரீனியஸ் சமன்பாட்டில் திரும்பத் திரும்பப் போட்டு, நேரம் வந்ததும் கணினியே அச்சைத் திறக்கும். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சமன்பாடு பழசு, கணினி சாதாரணக் கணினி. ஆனாலும் ரப்பர் வேகும் முறையே மேம்பட்டிருந்தது.

உங்கள் நகலில் இருந்த முதல் க்ளெய்ம் ஃபுளூக் பக்கம் நிற்கிறது. க்ளெய்ம் என்பது உங்கள் உரிமையின் எல்லையைச் சொல்லும் வாக்கியம், நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போல. நீங்கள் எழுதியது: “துணியின் படங்களைப் பெறுதல், அவற்றை ஏஐ மூலம் அலசுதல், பழுது இருந்தால் பயனரின் கைபேசிக்குத் தகவல் அனுப்புதல் ஆகிய படிகளைக் கொண்ட முறை.” தகவலைச் சேர், அலசு, காட்டு. 2016-இல் அமெரிக்காவில் எலக்ட்ரிக் பவர் குரூப் வழக்கில் மின்கட்டமைப்பைக் கண்காணிக்கும் காப்புரிமை இதே மூன்று படியில்தான் செத்தது. மெஷினை நிறுத்துவது என்ற விஷயமே உங்கள் க்ளெய்மில் இல்லை! ஆறு மாதமாகச் சித்தப்பாவின் யூனிட்டில் நின்று நின்று ஓடுகிற மெஷின், காகிதத்தில் வெறும் மெசேஜ் அனுப்புகிறது.

ஏறக்குறைய இப்படி எழுதிப் பாருங்கள்: “சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு சுற்றிலும் துடிப்புகளைத் தரும் என்கோடர், அத்துடிப்புகளுக்கு இசைந்து துணியைப் படம் பிடிக்கும் கேமரா, படத்திலிருந்து வெட்டிய பட்டைகளை உரிய ஊசி எண்ணோடு சேமிக்கும் நினைவகம், முன்கூட்டி வகுத்த எண்ணிக்கையிலான சுற்றுகளில் ஒரே ஊசி எண்ணில் மாறுபாடு நீடித்தால் மட்டும் மோட்டாருக்கு நிறுத்தச் சமிக்ஞை அனுப்பும் கட்டுப்படுத்தி ஆகியவற்றைக் கொண்ட வட்டப் பின்னல் எந்திர அமைப்பு.” இதை அப்படியே தாக்கல் செய்துவிடாதீர்கள். இது வழி காட்டத்தான். இதுபோல் ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்ற தேடலில் என்ன அகப்படுகிறதோ அதைப் பொறுத்து ஏஜென்ட் இதை இறுக்குவார் அல்லது தளர்த்துவார். தேடலை நீங்களே ஆரம்பிக்கலாம். நம் அலுவலகத்தின் இன்பாஸ் தளம், எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் எல்லாம் இலவசம். ஜெர்மனி, இத்தாலி, தைவான், சீனா என்று நிட்டிங் மெஷின் செய்கிற நாடுகளின் ஆவணங்களை விட்டுவிடாதீர்கள்.

க்ளெய்மைப் பிறகுகூடத் திருத்திக்கொள்ளலாம். விவரணத்தில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் விண்ணப்பப் பகுதியில், இல்லாத புது விஷயத்தைப் பிறகு சேர்க்க முடியாது. பிரிவு 59 அதற்கு இடம் தரவில்லை. 3(கே) ஆட்சேபம் வந்த பிறகு “ஐயா, இதில் பெரிய தொழில்நுட்ப விளைவு இருக்கிறது” என்று வாதாட வருகிறவர்களின் கோப்பைத் திறந்தால், விளைவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பாய்வு வரைபடம் மட்டும் இருக்கும். இது நான் அடிக்கடி பார்ப்பது. தோற்பது நீதிமன்றத்தில் என்று நினைக்கிறார்கள். எழுதிய அன்றைக்கே தோற்றுவிட்டது. அதனால் விவரணத்தில் எல்லாம் வரட்டும்: பழைய முறையில் எத்தனை பொய் நிறுத்தம், உங்கள் முறையில் எத்தனை, என்ன பலகை, நொடிக்கு எத்தனை பட்டை, நினைவகம் எவ்வளவு, வெளிச்சத்தை எந்தக் கோணத்தில் வைத்தீர்கள், லைக்ரா கலந்த துணியில் என்ன ஆயிற்று, மெஷின் வேகம் மாறினால் என்ன செய்கிறீர்கள். உங்களிடம் ஆறு மாதக் கணக்கு இருக்கிறது. அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. சரியாக வேலை செய்யாத மாற்று வழிகளையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

நேரம் குறைவு என்பதால் முதலில் தற்காலிக விவரணம் போட்டு விண்ணப்ப நாளைப் பிடிக்கலாம். 12 மாதத்துக்குள் முழு விவரணம் தர வேண்டும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணைய வழித் தாக்கலுக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். மற்றவர்களுக்கு 8,000. தற்காலிகம்தானே என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பதற்குத்தான் அந்த நாள் கிடைக்கும். ஊசி எண், பட்டை, சுற்று எண்ணிக்கை மூன்றும் அதிலேயே விளக்கமாக வந்தாக வேண்டும். ஆய்வுக்கான கோரிக்கை தனி. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. கட்டணம் 4,000. யூனிட்டுக்கு உத்யம் (சிறு தொழில்) பதிவு இருந்து அதன் பெயரில் போட்டால் 8,000 கட்டி விரைவு ஆய்வு கேட்கலாம். ஆய்வறிக்கை வந்தால் பதில் தர ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று. பதிலுக்குப் பிறகும் மறுத்தால், சென்னை அலுவலகத்தின் உத்தரவு மீது மேல்முறையீடு நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. முன்பு மேல்முறையீட்டை விசாரித்த வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள்.

அந்த கன்சல்டன்ட் பற்றி. ஒரு காப்புரிமை ஒரு கண்டுபிடிப்புக்குத்தான். ஆர்டர் செயலியையும் கேமராவையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டால் பிரிக்கச் சொல்லித் திருப்புவார்கள். கேரண்டி தர ஆய்வு அதிகாரியாலேயே முடியாது. இவர் எப்படித் தருகிறார்? இப்படிப்பட்டவர்கள் பலரும் விண்ணப்ப எண்ணைக் கண்ணாடி பிரேம் போட்ட சான்றிதழ் மாதிரிக் கொடுத்துவிட்டு “பேட்டன்ட் வந்துவிட்டது” என்பார்கள். விண்ணப்பம் போட்டது வேறு, காப்புரிமை வழங்கப்பட்டது வேறு. அவர் பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று காப்புரிமை அலுவலகத் தளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்கா. அங்கே போடச் சொன்னவர் பேசுவது 2014-க்கு முந்தைய அமெரிக்காவை. 1998-இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்புக்குப் பிறகு அங்கே வியாபார முறைக்கெல்லாம் காப்புரிமை கொட்டியது உண்மை. 2010-இல் பில்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரேக் போட்டது. 2014 ஜூன் 19 அன்று ஆலிஸ் எதிர் சிஎல்எஸ் வங்கி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கதவைச் சாத்தினார்கள். இரு தரப்புக்கும் நடுவில் ஒரு மூன்றாமவர் நின்று பணப் பரிமாற்றத்தில் ஒருவர் ஏமாறாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆலிஸ் நிறுவனத்தின் காப்புரிமை. நடுவராக ஒரு கணினி. இது பழங்கால வியாபார வழக்கம், வெறும் கருத்து, சாதாரணக் கணினியில் செய் என்று சொன்னால் கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்றார்கள். அன்றிலிருந்து அங்கே இரண்டு கேள்வி. க்ளெய்ம் ஒரு வெறும் கருத்தை நோக்கிப் போகிறதா? போனால், அதற்கு மேல் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க வேறு ஏதாவது இருக்கிறதா? உங்கள் செயலியின் பணப் பட்டுவாடாப் பகுதி ஆலிஸுக்கு ஏறக்குறைய உடன்பிறப்பு. கேமரா அங்கேயும் தாக்குப் பிடிக்கலாம். கணினியின் செயல்பாட்டையே மேம்படுத்தும் தரவு அமைப்பு என்று 2016-இல் என்ஃபிஷ் வழக்கில் ஒரு காப்புரிமை தப்பியது. டீர் தீர்ப்பும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று, இது தண்டனைக்குரிய விஷயம். இந்தியாவில் வசிக்கும் நீங்கள் அனுமதி வாங்காமல் நேராக அமெரிக்காவில் தாக்கல் செய்யக் கூடாது. பிரிவு 39. ஒன்று இங்கே முதலில் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது படிவம் 25-இல் அனுமதி வாங்க வேண்டும். உங்களுக்கு அறிவுரை சொன்னவர் இதைச் சொல்லாதது வேடிக்கை.

நண்பன் எழுதிய நிரல். பணம் கொடுத்தால் நிரல் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள். உங்களிடம் சம்பளத்தில் இல்லாமல் வெளியாளாக எழுதிக் கொடுத்தவர் என்பதால், எழுத்தில் மாற்றித் தராதவரை பதிப்புரிமை அவரிடமேதான். மாற்றித் தரும்போதும் காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து வருடம், இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காப்புரிமைக்கு இன்னொரு கேள்வி: ஊசி எண்ணோடு பட்டையைப் பிணைக்கும் யோசனை யாருடையது? அவருடையது அல்லது இருவருக்கும் பொது என்றால், படிவம் 1-இல் அவர் பெயரும் கண்டுபிடிப்பாளராக வர வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

செயலியை அநாதையாக விட வேண்டாம். நிரலுக்குப் பதிப்புரிமை எழுதிய நொடியிலிருந்தே இருக்கிறது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு வந்தால் கைகொடுக்கும். 2021 விதித் திருத்தப்படி மூல நிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் மறைப்பு எதுவும் இல்லாமல் தர வேண்டும். 20 பக்கத்துக்குக் குறைவென்றால் முழுவதும். அதனால் உங்கள் ஆர்டர் பங்கீட்டுக் கணக்கு முதல் பத்துப் பக்கத்திலோ கடைசிப் பத்துப் பக்கத்திலோ வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைச் சர்வரிலேயே வைத்திருந்து, வேலைக்கு வருகிறவர்களிடம் ரகசிய ஒப்பந்தம் வாங்கினால் காப்புரிமை இல்லாமலே நெடுநாள் ஓட்டலாம். பெயரை டிரேட்மார்க் செய்யுங்கள். இப்படிப்பட்ட செயலியில் முதலில் நூறு யூனிட்டைச் சேர்த்துவிடுகிறவர்தான் ஜெயிப்பார் என்பது என் எண்ணம்.

வெளிநாடு வேண்டுமா என்பதை இங்கே போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முடிவு செய்தால் போதும். பிசிடி என்ற பன்னாட்டு காப்புரிமை உடன்படிக்கை வழியாகப் போனால் நாடுகளைத் தேர்ந்தெடுக்க முதல் தாக்கல் நாளிலிருந்து 30 மாதம் வரை கிடைக்கும். காப்புரிமை எந்த நாட்டில் வாங்குகிறோமோ அங்கேதான் செல்லும். உங்கள் கேமராவை யார் வாங்குவார்கள், யார் காப்பியடித்துச் செய்வார்கள் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் எத்தனை சர்க்குலர் நிட்டிங் மெஷின் ஓடுகிறது? சீனா, துருக்கி, வங்கதேசம் என்று மெஷின் செய்கிற, ஓட்டுகிற நாடுகளை முதலில் விசாரியுங்கள். டாலரில் கட்டப்போகும் வக்கீல் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், இந்த 12 மாதத்தில் பக்கத்து யூனிட்காரர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.